பெருநாளும் பிள்ளைகளும்: வாசகர் கேள்வி – பதில்

தைப்பொங்கல் கழிந்த பின்னர் இப்பகுதிக்கு வந்த கடிதங்களில் பல ஒரே மனக்குறையைச் சொல்கின்றன: பிள்ளைகளுக்குப் பெருநாளின் அருமை தெரியவில்லை, பெற்றோர் படும் பாட்டை அவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. பிள்ளைகளே எழுதிய கடிதங்களிலும் மனக்குறை உண்டு. அது வேறு திசையில் நிற்கிறது. எழுதியவர்களின் பெயர்களை விடுத்து ஊர்ப்பெயரை மட்டும் தந்திருக்கிறோம்.

கேள்வி: பொங்கலன்று விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, முற்றம் கூட்டிச் சாணம் தெளித்து, கோலமிட்டுப் பொங்குகிறோம். பதின்மூன்று வயதான என் மகன் பால் பொங்கும் நேரத்தில்தான் எழுந்து வருகிறான். வெடி கொளுத்துகிறான், கைத்தொலைபேசியில் படம் எடுக்கிறான், பிறகு அறைக்குள் போய்விடுகிறான். "இவ்வளவு கஷ்டம் ஏன் அம்மா, கடையில் புக்கை (பொங்கற்சோறு) வாங்கலாம்தானே" என்று கேட்டான். அவனுடைய வயதில் நாங்கள் இடம்பெயர்ந்து, பொங்குவதற்குப் பானைகூட இல்லாமல் இருந்தவர்கள். அதைச் சொன்னால், "திரும்பவும் தொடங்கிவிட்டீர்கள்" என்கிறான். நன்றியுணர்வு இல்லாத பிள்ளையாக வளர்கிறானோ என்று பயமாக இருக்கிறது. (ஒரு தாய், கொக்குவில்)

பதில்: உங்கள் மகன் ஒரு கேள்வி கேட்டிருக்கிறான், அதை மறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பொங்கலன்று அவனுக்கு எஞ்சியிருந்த வேலைகள் எவை என்று எண்ணிப் பாருங்கள். முற்றம் கூட்டியாயிற்று, அடுப்பு மூட்டியாயிற்று, தேங்காய் துருவியாயிற்று, பயறு வறுத்தாயிற்று. அவன் எழுந்து வந்தபோது வெடியும் படமும் மட்டுமே மிஞ்சியிருந்தன; இரண்டையும் அவன் செய்துவிட்டான். எல்லாவற்றையும் நாமே முடித்து வைத்துவிட்டுப் பிள்ளையைப் பார்வையாளனாக நிறுத்தினால், அவன் பார்வையாளனைப் போலத்தான் நடந்துகொள்வான். கடையில் வாங்கலாமே என்று பார்வையாளனுக்குத் தோன்றுவது இயல்பு.

நமது வழக்கத்திலேயே இதற்கு மருந்து இருக்கிறது. பால் பொங்கியதும் குடும்பத் தலைவர் கை நிறைய அரிசி எடுத்து, பானையைச் சுற்றி, மூன்று முறை இடுவார். அவரைத் தொடர்ந்து வீட்டிலுள்ள மற்றவர்களும், சிறு பிள்ளைகள் உட்பட, இடுவார்கள். அந்தப் பானையில் எல்லோருடைய கையும் பட்டிருக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் நம்மைவிடப் பிள்ளைகளை நன்கு அறிந்தவர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இப்போது பல வீடுகளில் நேரம் போய்விட்டது என்று தகப்பனார் மட்டும் இட்டு முடித்துவிடுகிறார். அடுத்த முறை உங்கள் மகனிடம், அவன் செய்யாவிட்டால் உண்மையிலேயே நின்றுபோகும் ஒரு வேலையை ஒப்படையுங்கள். முற்றத்தில் உலக்கையை வைத்து அரிசிமாவால் கோடு போடுவதற்கு மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அடுப்புக்குக் காய்ந்த தென்னம்பாளையும் பொச்சுமட்டையும் முதல்நாளே சேர்த்து வைக்க வேண்டும். பெயருக்கு ஒரு வேலை கொடுத்தால் பதின்மூன்று வயதுப் பிள்ளை அதை உடனே கண்டுபிடித்துவிடும்.

யாருக்கு நன்றி, எதற்காக என்பதும் அவனுக்குத் தெரிய வேண்டும். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் நெல் விளைவது ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான். அந்த மழை பிந்தினாலும் துன்பம், அளவுக்கு மீறினாலும் துன்பம். அவற்றைத் தாண்டிக் கதிர் முற்றும் காலத்தில் சூரியனுக்கும், மறுநாள் பட்டிப்பொங்கலில் மாட்டுக்கும் படைத்தவர்களுக்கு, நன்றியை எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கடையில் பையில் கட்டிய அரிசியை மட்டும் கண்ட பிள்ளைக்கு அந்தப் பயமும் தெரியாது, அந்த ஆறுதலும் தெரியாது. மார்கழி விடுமுறையில் ஒருநாள் தென்மராட்சிப் பக்கம் வயல் பார்க்க அழைத்துச் செல்லுங்கள். அங்கே எதுவும் விளக்க வேண்டாம். வரம்பில் நிற்கும் கமக்காரர் ஒருவரோடு அவனைக் கதைக்க விடுங்கள், போதும்.

இடப்பெயர்வைப் பற்றிச் சொன்னீர்கள். 1995 அக்டோபர் 30 அன்று, போரினால், யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதி மக்கள் வெளியேறியபோது தீபாவளி கழிந்து சில நாள்களே ஆகியிருந்தன. அடுத்து வந்த 1996 தைப்பொங்கலை அவர்கள் தென்மராட்சியிலும் வடமராட்சியிலும் வன்னியிலும் பிறர் வளவுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் கழித்தார்கள். அதை உங்கள் மகன் அறிய வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் "நாங்கள் அப்படி இருந்தோம், நீ இப்படி இருக்கிறாய்" என்று தொடங்கும்போது அது கதையாக இல்லாமல் கடன் சிட்டையாகிவிடுகிறது. தான் பிறப்பதற்கு முன்னர் ஏற்பட்ட கடனைப் பிள்ளை எதைக்கொண்டு தீர்ப்பான்? திட்டும்போது அதைச் சொல்லாதீர்கள். வேறொரு நாள், மின்சாரம் நின்ற இரவு ஒன்றில், அந்த நாள்களில் உங்களுக்குத் திண்ணையில் இடம் தந்தவர் யார், தம் அரிசியில் பங்கு தந்தவர் யார், அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்லும்போது நன்றி செலுத்துபவர் நீங்கள். உங்கள் மகன் அதைக் கேட்டுக்கொண்டிருப்பவன். பிள்ளையிடம் நன்றியைக் கேட்டு வாங்குவதைவிடப் பெரியவர்கள் நன்றியோடு இருப்பதை அவன் காணச் செய்வதே பயன் தரும் என்பது என் துணிபு. இயலுமானால் அந்த வீட்டுக்கே ஒருமுறை புக்கையோடு போய் வாருங்கள்.

அவன் எடுத்த படத்தை யாருக்கு அனுப்பினான் என்று கேட்டீர்களா? வெளிநாட்டிலுள்ள மச்சானுக்கோ மாமிக்கோ அனுப்பியிருந்தால், உங்கள் முற்றத்துப் பொங்கலைக் காட்ட வேண்டிய ஒன்றாக அவன் கருதியிருக்கிறான் என்றுதான் பொருள்.

கேள்வி: நான் தரம் 8இல் படிக்கிறேன். சித்திரை வருடப்பிறப்பன்று பெரியப்பா கைவிசேஷம் தரும்போது, எல்லோருக்கும் முன்னால் போன தவணைப் புள்ளிகளைக் கேட்கிறார். தம்பியைவிட எனக்குக் கணிதத்தில் குறைவு. பிறகு காலில் விழுந்து கும்பிடச் சொல்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா காசை வாங்கி வைத்துவிடுகிறார். நன்றி இல்லாத பிள்ளை என்று என்னைத்தான் சொல்கிறார்கள். (ஒரு மாணவி, சுன்னாகம்)

பதில்: பிள்ளை, உம்முடைய கடிதத்தில் மூன்று முறைப்பாடுகள் இருக்கின்றன. மூன்றையும் ஒன்றாகக் கட்டிவிட்டதால்தான் உமக்கே குழப்பமாக இருக்கிறது.

முதலாவது பெரியப்பாவைப் பற்றியது. நல்ல நேரத்தில் பெரியவர் ஒருவர் வெற்றிலையும் நெல்லும் நாணயமும் வைத்துக் கொடுப்பது, அந்த ஆண்டு முழுவதும் உமக்குக் குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்ற விருப்பத்தினால். அதைப் பெறுவதற்குத் தகுதி எதுவும் வேண்டியதில்லை. அதனால்தான் தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் கையிலும் வைக்கிறார்கள். புள்ளிகளைக் கேட்டுவிட்டுக் கொடுத்தால் கைவிசேஷம் பரிசாக மாறிவிடுகிறது, பரிசு கிடைத்தவர் தாம் வென்றதாக நினைப்பாரேயன்றி நன்றியை நினைக்கமாட்டார். இதை உம்முடைய பெரியப்பாவும், அவரைப் போன்ற மற்றப் பெரியப்பாக்களும் வாசிப்பார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்: கணிதப் புள்ளியை வேறொரு நாள் கேட்கலாம், ஆண்டில் இன்னும் முந்நூற்றுக்கு மேற்பட்ட நாள்கள் இருக்கின்றன. நீர் ஒன்றை அறிந்துகொள்ளும். ஒருவர்மீது நன்றியும், அவர் செய்த ஒரு காரியத்தில் வருத்தமும் ஒரே நேரத்தில் இருக்கலாம். வருத்தம் இருப்பதால் நன்றி இல்லை என்று ஆகாது.

கும்பிடுவதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. விடியற்காலையில் மூலிகைகளை அவித்த மருத்துநீரைத் தலையில் வைத்துவிட்ட அம்மம்மாவை மனதார வணங்க உமக்குத் தடை இருக்காது என்று நினைக்கிறேன். வரிசையில் நிறுத்திக் "கும்பிடு, கும்பிடு" என்று தள்ளும்போதுதான் கசக்கிறது. அம்மாவிடம், "நானாகக் கும்பிடுகிறேன், சொல்ல வேண்டாம்" என்று முதல்நாளே சொல்லிப் பாரும்.

காசு பற்றிய முறைப்பாடு நியாயமானது. பிள்ளைகளைப் பாதிக்கும் விடயங்களில் அவர்களுடைய கருத்தைக் கேட்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப மதிப்பளிக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை 1989இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை சொல்கிறது. இலங்கை 1991இல் அதனை உறுதிசெய்தது. காசு முழுவதையும் உம்முடைய கையில் தந்துவிட வேண்டும் என்று அதற்குப் பொருள் இல்லை. எடுத்து வைப்பதற்கு முன்னர் உம்மிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம் என்பதுதான் பொருள். அதே நேரத்தில் அம்மாவிடம் ஒன்றைக் கேளும்: பெரியப்பாவின் பிள்ளைகளுக்கு அன்றைக்கு உம்முடைய வீட்டார் கொடுத்த கைவிசேஷம் எங்கிருந்து வந்தது? விடை உமக்கு வியப்பாக இருக்கக்கூடும்.

கேள்வி: என்னுடைய வகுப்புப் பிள்ளைகளிடம் தங்களுக்கு விருப்பமான பெருநாளைப் பற்றி எழுதச் சொன்னேன். விடுமுறை, பலகாரம், வெடி, புது உடுப்பு, நல்லூரில் ஐஸ்கிறீம் என்றே எல்லோரும் எழுதினார்கள். பெற்றோரின் உழைப்பையோ கடவுளின் அருளையோ ஒருவரும் எழுதவில்லை. திருத்தி எழுதச் சொல்லலாமா? (ஓர் ஆரம்பப் பிரிவு ஆசிரியை, மானிப்பாய்)

பதில்: வேண்டாம். திருத்தி எழுதச் சொன்னால், திருக்குறளின் செய்ந்நன்றியறிதல் அதிகாரத்தை ஒப்புவிப்பது போல அழகான வாக்கியங்கள் உங்களுக்குக் கிடைக்கும். பிள்ளைகள் உண்மையில் என்ன நினைக்கிறார்கள் என்பது கிடைக்காமல் போய்விடும்.

உங்கள் பாடசாலையிலிருந்து நவாலி தொலைவில் இல்லை. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் ஆடிப்பிறப்பைப் பற்றிப் பிள்ளைகளுக்காகப் பாடியபோது எங்கே தொடங்கினார் என்பதை நினைத்துப் பாருங்கள். நாளைக்கு விடுதலை என்ற ஆனந்தம் முதலில். பனங்கட்டிக் கூழும் கொழுக்கட்டையும் அடுத்தது. பெருநாளைப் பிள்ளை விடுமுறையாலும் நாவாலுமே முதலில் அறியும் என்பதில் அவருக்குக் குறை எதுவும் தெரியவில்லை. பாட்டு மேலே போகப் போகத்தான் மா வறுப்பதும், பயறும் தேங்காயும் சேர்வதும், பிள்ளைகள் ஓடிப்போய்ப் பலாவிலை பொறுக்கி மடிப்பதும், தாய் அகப்பையால் அள்ளி வார்ப்பதும் வருகின்றன. நன்றி என்ற சொல்லை எடுக்காமலே, யார் என்ன செய்கிறார்கள் என்பதை அவர் காட்டிவிடுகிறார். பலாவிலை பொறுக்குவது பிள்ளைகளின் வேலை என்பதையும் கவனியுங்கள்.

ஆகவே பிள்ளைகள் எழுதியதை அப்படியே வைத்துக்கொண்டு, அடுத்த நாள் வேறு கேள்விகளைக் கொடுங்கள். அந்தப் பலகாரத்துக்கு மா அரித்தவர் யார்? அன்றிரவு வீட்டில் கடைசியாகப் படுத்தவர் யார், கடைசியாகச் சாப்பிட்டவர் யார்? புது உடுப்பு வாங்காதவர் யாராவது வீட்டில் உண்டா? இவற்றுக்கு விடை எழுதப் பிள்ளை வீட்டில் கேட்டுப் பார்க்க வேண்டும், கேட்கும்போதே பாதி வேலை முடிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: தாயோ தகப்பனோ வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளைகளும், உறவை இழந்த பிள்ளைகளும் உங்கள் வகுப்பில் இருக்கலாம். அவர்களிடம் இக்கேள்விகளுக்கான விடைகளைச் சபையில் வாசிக்கச் சொல்லாதீர்கள்.

கேள்வி: நல்லூர்த் திருவிழாவுக்காக ரொறன்ரோவிலிருந்து பேரப்பிள்ளைகள் வருவார்கள். ஒரு கோப்பை தண்ணீர் கொடுத்தாலும் நன்றி சொல்கிறார்கள். இங்கே எங்களோடு இருக்கும் பேரப்பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் எழுந்து போகிறார்கள். இங்குள்ளவர்களை நாங்கள் சரியாக வளர்க்கவில்லையோ? (ஓர் அம்மப்பா, பருத்தித்துறை)

பதில்: ஐயா, இரு பகுதியாரையும் அப்படி நிறுத்தி ஒப்பிட வேண்டாம் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன், பிள்ளைகள் அதை மறக்கமாட்டார்கள்.

நம்மவர்கள் பலர் இன்று வாழும் சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரத்தில், பவும்கார்ட்டன்-திராமர் என்ற உளவியலாளர், 7 முதல் 15 வயதுவரையான பிள்ளைகளிடம் இரண்டு கேள்விகளைக் கேட்டு, 1938இல் அதன் முடிவுகளை வெளியிட்டார். உன்னுடைய பெரிய ஆசை எது என்பது ஒன்று. அதை நிறைவேற்றித் தருபவருக்கு நீ என்ன செய்வாய் என்பது மற்றது. வாயால் நன்றி சொல்வேன் என்றவர்கள் இருந்தார்கள். தனக்குப் பிரியமான பொருள் ஒன்றைத் திருப்பிக் கொடுப்பேன் என்ற விடை சிறு பிள்ளைகளிடம் கூடுதலாகக் காணப்பட்டது. கொடுத்தவரோடு மன உறவு கொள்வதைப் பற்றி வளர்ந்த பிள்ளைகள் கூடுதலாகச் சொன்னார்கள். வாய்ச்சொல் நன்றியின் ஒரு வடிவந்தான். பிள்ளை வளர வளர அதன் வடிவமும் மாறுகிறது.

ஆகவே பேசாமல் எழுந்து போகும் உங்கள் பேரன், மாலையில் உங்கள் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துத் தருகிறானா, மருந்துக்கடைக்குச் சைக்கிளில் போய் வருகிறானா என்று பாருங்கள். ரொறன்ரோப் பிள்ளைகளின் நன்றியையும் வெறும் பழக்கம் என்று தள்ளிவிடக் கூடாது. முற்றிலும் பழகாத வீட்டில், பாதி விளங்கும் தமிழுக்கு நடுவில், தங்களுக்குத் தெரிந்த மரியாதையைச் செய்கிறார்கள்.

நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள்கள் நடக்கிறது. வெயிலில் வரும் அடியவர்களுக்கு மோரும் சர்க்கரைத் தண்ணீரும் வழங்கும் தண்ணீர்ப் பந்தல்களில் கைகள் எப்போதும் தேவைப்படும். தேருக்கு முந்திய நாள்களில், நெரிசல் குறைந்த ஒருநாள், எல்லாப் பேரப்பிள்ளைகளையும் அங்கே ஒன்றாக நிறுத்திவிடுங்கள். கொடுக்கும் இடத்தில் நின்று பார்க்கும்போது, சிலர் வாங்கிக்கொண்டு பேசாமல் போவதையும், சிலர் கை கூப்பிவிட்டுப் போவதையும், ஒரு கிழவி "நல்லா இரு ராசா" என்று தலையைத் தடவிவிட்டுப் போவதையும் அவர்களே காண்பார்கள். பிறகு கச்சானும் தும்புமிட்டாயும் வாங்கிக் கொடுக்கத் தவறாதீர்கள்.

கேள்வி: நத்தாருக்கு வெளிநாட்டு உறவினர்கள் அனுப்பும் பாசலைப் பிரித்ததும், "அக்காவுக்கு வந்தது விலை கூடியது" என்று சண்டை. அனுப்பியவரை ஒருவரும் நினைப்பதில்லை. (ஒரு தாய், பாசையூர்)

பதில்: முகம் தெரியாத மாமாவிடமிருந்து பெட்டியில் வரும் பொருளில் பிள்ளைக்குத் தெரிவது பொருள் மட்டுந்தான். பாசலைத் திறப்பதற்கு முன்னர் வட்ஸ்அப்பில் அவரை அழையுங்கள்; அவர் பார்த்துக்கொண்டிருக்கப் பிரியுங்கள். அவர் குளிரில் படும் பாட்டைச் சொல்லிப் பிள்ளைகளை உருக்க வேண்டாம், கொக்குவில் தாய்க்குச் சொன்ன காரணமே இங்கும் பொருந்தும். அவர் சிறுவனாக உங்கள் கடற்கரையில் செய்த குறும்புகளைச் சொல்லச் சொல்லுங்கள், அதுதான் நிற்கும்.

பிள்ளைகள் பெறுபவர்களாக மட்டுமே இருக்கும் நத்தாரில் இந்தச் சண்டை குறையாது. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்த மறுநாள் காலையில், அயலிலுள்ள சைவ வீடுகளுக்குப் பலகாரத் தட்டைக் கொண்டுபோகும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். எந்த வீட்டுக்கு எது, யாருக்குச் சீனி ஆகாது என்பதையும் அவர்களே தீர்மானிக்கட்டும். தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்பாத வழக்கம் நம்மவரிடையே இன்னும் இருக்கிறது. பொங்கலன்றும் தீபாவளியன்றும் அந்த வீடுகளிலிருந்து தட்டு திரும்பி வரும்போது, கொடுத்ததையும் பெற்றதையும் பிள்ளைகள் தாமாகவே ஒன்றோடொன்று சேர்த்துப் பார்ப்பார்கள்.

கேள்வி: ஆடி அமாவாசை விரதத்துக்குச் சமைத்த காத்தோட்டிக்காய் கசக்கிறது என்று ஏழு வயதுப் பேத்தி துப்பிவிட்டாள். அப்பப்பாவுக்குச் செய்யும் கடமை என்று சொல்லிச் சாப்பிட வைக்கலாமா? (ஓர் அப்பம்மா, அளவெட்டி)

பதில்: சாப்பிட வைக்க வேண்டாம். அவள் கண்டிராத அப்பப்பாவை அந்தக் கசப்போடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்வாள். அவருக்கு எது பிடிக்கும், எதற்குச் சிரிப்பார் என்று சொல்லிக்கொண்டே காகத்துக்குச் சோறு வைக்க அவளை அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: மகள் அடுத்த ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சை எழுத இருக்கிறாள். பொங்கலன்றும் தீபாவளியன்றும் காலையில் ரியூசன் வகுப்பு வைக்கிறார்கள். அனுப்பாவிட்டால் பின்தங்கிவிடுவாள் என்று மனைவி சொல்கிறார். அனுப்பினால், "எல்லோரும் வீட்டில், நான் மட்டும் வகுப்பில்" என்று பிள்ளை அழுகிறாள். (ஒரு தந்தை, சாவகச்சேரி)

பதில்: இரண்டும் நாட்டின் பொது விடுமுறை நாள்கள். ஓய்வும் விளையாட்டும் பிள்ளையின் உரிமை என்று மேலே குறிப்பிட்ட சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை சொல்கிறது. ஒன்பது, பத்து வயதுப் பிள்ளை ஆண்டில் இரண்டு காலை வகுப்புகளைத் தவறவிடுவதால் பின்தங்கிவிடாது. வீட்டில் எல்லோரும் கூடியிருக்கும் வேளையில் அவளை வகுப்புக்கு அனுப்பிவிட்டு, பெருநாளில் அவளுக்கு ஈடுபாடில்லை என்று ஐந்து ஆண்டுகளின் பின்னர் இப்பகுதிக்கு நீங்கள் கடிதம் எழுதக் கூடாது. அனுப்பாமல் விடுங்கள். ஆசிரியரிடம் முதல்நாளே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். மற்றப் பெற்றோரில் இருவர் மூவரையும் சேர்த்துக்கொண்டு சொன்னால் இன்னும் நல்லது. அவருடைய வீட்டிலும் அன்றைக்குப் பானை வைக்க வேண்டியிருக்கும்.